புதிதாகத் தைத்த டிரிம் பொருந்த மறுக்கிறதா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உட்புற உறைகளையும் பலகைகளையும் (டிரிம்) பிரித்து, அப்ஹோல்ஸ்டரி செய்பவரிடம் கொடுத்து, புது லெதரோ ரெக்சினோ போட்டு வாங்கியாகிவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. திரும்ப மாட்டத் தொடங்கும்போதுதான் தகராறு. டோர் பேட் (கதவின் உட்புறப் பலகை) தூக்கி நிற்கிறது, கதவு சாத்த மாட்டேன் என்கிறது, சீட் போல்ட் எட்டவில்லை.

இந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான்: தடிமன். பழைய ஃபோம் பல வருடம் அமுங்கி, பழைய ரெக்சின் மெலிந்து போன இடத்தில் 2 மி.மீ. கூடினாலே அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாம் இடிக்கத் தொடங்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது, எங்கே தடிமன் கூடியது? அடுத்தது, கண்ணில் படாத பக்கத்திலிருந்து அதை எப்படிக் குறைப்பது? புது உறையின் முகப்பில் கத்தி வைப்பதும், காரின் தகட்டை வளைப்பதும் எல்லாவற்றுக்கும் கடைசி.

## மாட்டத் தொடங்கும் முன்

பேட்டரியில் பாடியோடு இணைந்த எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். பழைய உறைகள், பழைய பலகைகள், பழைய ஸ்க்ரூக்கள் எதையும் கார் முழுதாக முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். ஓட்டை எங்கே இருந்தது, எந்த ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்பதற்கு அவைதான் சாட்சி. எந்தப் பாகத்தையும் முதலில் பசையும் ஸ்க்ரூவும் இல்லாமல் சும்மா வைத்துப் பாருங்கள். ஒட்டிவிட்டுத் திருத்துவது இரட்டை வேலை, அதிலும் லெதரில் பழைய ஊசி ஓட்டை மறையவே மறையாது.

## அறிகுறி: ஆக்ஸிலரேட்டர் முழுதாக அமுங்கவில்லை, அல்லது விட்டதும் மேலே வரத் தயங்குகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பல குறைகளோடு காரை ஓட்டிப் பார்க்கலாம். இதோடு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைக் கையால் தரைவரை அழுத்தி விடுங்கள். டக்கென்று மேலே வர வேண்டும். இன்னொருவர் பானட்டைத் திறந்து, கார்புரேட்டரின் த்ராட்டில் முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தரையில் சும்மா விரித்த மேட்டை எடுத்தால் சரியாகிறதா? அப்படியென்றால் மேட்டுக்குக் கொக்கியோ பட்டனோ போட்டு நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் மேட்டே வேண்டாம்.

மேட் இல்லாமலும் இடிக்கிறதா? கியர்பாக்ஸை மூடிக்கொண்டு காரின் நடுவே உயர்ந்திருக்கும் டனலின் பக்கவாட்டில் ஒட்டிய கார்பெட்டின் மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் மாதிரி குறுகலான கால் இடம் உள்ள கார்களில் பெடலுக்கும் அந்த ஓரத்துக்கும் இடையே விரல் நுழையும் இடம்கூட இருக்காது. தைத்த ஓரம் பெடல் பக்கம் வந்திருந்தால், கார்பெட்டை இழுத்து ஓரத்தை மேலேயோ முன்னேயோ தள்ளி ஒட்டுங்கள்.

பெடல் கடைசியில் மெத்தென்று முட்டுகிறதா? பெடலுக்குப் பின்னால், இன்ஜின் தடுப்புத் தகட்டில் போட்ட ஃபெல்ட் (கார்பெட்டுக்கு அடியில் வரும் துணி) தடிமனாக இருக்கிறது. பெடல் படும் இடத்தில் ஃபெல்ட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் கார்பெட்டை நேரடியாகத் தகட்டில் ஒட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெடல் தாராளமாகப் போகிறது, ஆனால் திரும்புவது மந்தமாக இருக்கிறதா? புது ஃபெல்ட்டோ ஒலித்தடுப்பு ஷீட்டோ ஆக்ஸிலரேட்டர் கேபிளை ஒரு பக்கமாக வளைத்திருக்கலாம். கேபிள் தகட்டைத் தாண்டும் ஓட்டையைச் சுற்றி இடம் விட்டு வெட்டுங்கள்.

இதே சோதனையை பிரேக்குக்கும் கிளட்சுக்கும் செய்யுங்கள். கேபிளை விடுவித்த பிறகும் பெடல் தயங்கினால் கோளாறு டிரிம்மில் இல்லை. ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கார்புரேட்டரையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

கியர் விஷயமும் இங்கேயே வந்துவிடட்டும். கியர் லீவரைச் சுற்றிப் புது லெதர் பூட் (உறை) போட்ட பிறகு ஏதாவது ஒரு கியர் நழுவினால், கியர்பாக்ஸைச் சந்தேகிக்கும் முன் பூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சின்னதாக வெட்டிய லெதர் லீவரை நடுப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாக் கியரிலும் லெதரில் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்க வேண்டும்.

## அறிகுறி: டோர் பேட் கதவோடு ஒட்டி உட்காராமல் தூக்கி நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். எங்கே தூக்குகிறது என்பதை வைத்துக் கிளை பிரியும்.

### ஒரு மூலை மட்டும் தூக்குகிறது

பேட்டைக் கழற்றி அந்தப் பக்கக் கிளிப்பைப் பாருங்கள். வளைந்திருக்கும், அல்லது பலகையின் சாவித்துளை வடிவ ஓட்டையில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். கிளிப் நேராக இருந்தும் கதவின் ஓட்டையில் விழவில்லை என்றால், கிளிப் நுனியில் கொஞ்சம் சாக்பீஸ் பொடியைத் தடவி, பேட்டைக் கதவில் வைத்து மெதுவாக அழுத்தி எடுங்கள். கதவில் வெள்ளைப் புள்ளி எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கும் ஓட்டைக்கும் உள்ள தூரம்தான் உங்கள் பிழை. 1, 2 மி.மீ. என்றால் பலகையில் உள்ள ஓட்டையை அந்தத் திசையில் சிறிய ரம்பத்தால் நீட்டிக்கொள்ளலாம். கதவின் தகட்டு ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள். அதன் பிறகு எந்தக் கிளிப்பும் பிடிக்காது, தகடு துருப்பிடிக்கவும் வழி பிறக்கும்.

கிளிப்புகளின் விலை சொற்பம். பழைய கிளிப் ஒன்று லூசாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

### சுற்றிலும் சமமாகத் தூக்குகிறது

கிளிப் எல்லாம் ஓட்டையில் விழுந்தும் இடைவெளி அப்படியே இருந்தால், பலகைக்குப் பின்னால் மடித்து ஒட்டிய ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். லெதரை ஓரம் சீவாமல் அப்படியே மடித்திருப்பார்கள். மூலைகளில் ரெக்சின் இரண்டு மூன்று அடுக்காகக் குவிந்திருக்கும். முகப்பில் ஒட்டிய ஃபோமையும் சேர்த்துப் பலகைக்குப் பின்னால் மடித்திருந்தால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இது. பின்பக்க மடிப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாகப் பிரியுங்கள். மூலையில் குவிந்ததை முக்கோணமாக வெட்டி எடுங்கள், ஆனால் பலகையின் விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே கத்தியை நிறுத்திவிடுங்கள். விளிம்புவரை வெட்டினால் முன்பக்கம் பிளவு தெரியும். மடிப்புக்குள் ஃபோம் இருந்தால் விளிம்போடு சீவி எடுங்கள். லெதராக இருந்தால் மடியும் பகுதியைப் பின்பக்கத்திலிருந்து கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். இதற்குக் கை பழக்கம் வேண்டும், துணுக்கு லெதரில் முதலில் செய்து பாருங்கள்.

### நடுவில் புடைத்து நிற்கிறது

கதவுக்குள் பார்க்க வேண்டிய நேரம் இது. கதவு திறக்கும் கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் கம்பி, பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கலாம். ஸ்பீக்கர் வயர் சுருண்டு கிடக்கலாம். பாலித்தீன் திரையை ஒட்டும் கரும்பசை உருண்டையாகத் திரண்டிருக்கலாம். இதில் எதுவும் இல்லை என்றால் பலகையே வளைந்திருக்கிறது. ஹார்டுபோர்டை மேசை மேல் முகம் குப்புற வைத்து, நடுவில் தொட்டு ஆடுகிறதா பாருங்கள். லேசான வளைவைக் கிளிப்புகளே இழுத்துவிடும். 5 மி.மீ.-க்கு மேல் வளைந்த பலகை, எத்தனை தடவை மாட்டினாலும் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். புதுப் பலகை வெட்டித்தான் ஆக வேண்டும்.

### மேல் விளிம்பு கண்ணாடியோரம் உட்காரவில்லை

மேல் விளிம்பை ஒரு பட்டையிலோ பள்ளத்திலோ முதலில் தொங்கவிட்டு, பிறகு கீழ் கிளிப்புகளை அழுத்தும் அமைப்பு பல கார்களில் உண்டு. கீழிருந்து மாட்டத் தொடங்கினால் ஒருபோதும் உட்காராது. வரிசை சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், அந்த விளிம்பில் ஃபோம் வேண்டாம். வெறும் ரெக்சினாக மடிக்கச் சொல்லுங்கள்.

### மாட்டிய பிறகு கண்ணாடி உரசுகிறது

உடனே நிறுத்துங்கள். நீளமான ஸ்க்ரூ ஒன்று கதவுக்குள் எட்டிப் பார்க்கிறது. கண்ணாடியில் விழும் கீறல் பாலிஷில் போகாது. எந்த ஸ்க்ரூவாக இருந்தாலும் தகட்டைத் தாண்டி உள்ளே 6, 7 மி.மீ.-க்கு மேல் நீள வேண்டிய அவசியம் இல்லை.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கதவின் உள்தகட்டில் கிளிப் ஓட்டைகளைச் சுற்றித் துரு தின்றிருந்தால், அல்லது பலகை புதிதாக வெட்ட வேண்டியிருந்தால். முதலாவது டிங்கரிங் வேலை, இரண்டாவது அப்ஹோல்ஸ்டரி வேலை. டிங்கரிங்கை முதலில் முடியுங்கள்.

## அறிகுறி: கண்ணாடி ஏற்றும் கைப்பிடி இறுக்கமாகச் சுற்றுகிறது, அல்லது கழன்று கழன்று வருகிறது

கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதன் தண்டு டோர் பேட்டிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். பழைய பேட்டோடு ஒப்பிட்டால் உடனே புரிந்துவிடும். புது ஃபோம் தண்டை விழுங்கியிருக்கும்.

இறுக்கமாகச் சுற்றினால், கைப்பிடிக்கும் பேட்டுக்கும் நடுவில் வரும் பிளாஸ்டிக் வாஷர் இருக்கிறதா பாருங்கள். பிரிக்கும்போது முதலில் தொலைவது அதுதான். வாஷர் இருந்தும் இறுக்கமாக இருந்தால், பேட்டின் பின்பக்கத்திலிருந்து தண்டைச் சுற்றி வட்டமாகப் பலகையை வெட்டி, அந்த வட்ட அளவுக்கு மட்டும் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முகப்பு அந்த இடத்தில் தானாகவே உள்ளே படியும், அதைக் கைப்பிடி மூடிவிடும்.

கழன்று வந்தால் மூன்று வகையைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் ஸ்க்ரூ உள்ள கைப்பிடிக்குக் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போதும். பின்னால் லாட வடிவக் கிளிப் உள்ளதற்குப் புதுக் கிளிப் போட்டு, டக்கென்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். பழைய ஆங்கிலேயக் கார்களில் குறுக்கே ஊசி போகும் வகையும் உண்டு. அதில் ஸ்பிரிங் வைத்த வளையத்தைப் பேட்டுக்குள் அமுக்கிக்கொண்டால்தான் ஊசி ஓட்டை கண்ணில் படும். பேட் தடிமனாகிவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் ஓட்டை நேராகாது, ஊசியைச் சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்ப்பார்கள். அடிக்காதீர்கள். தண்டு வளைந்தால் கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டி வரும். ஃபோமைக் குறைப்பதுதான் வழி.

## அறிகுறி: கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது

கதவுத் தூணில் உள்ள ஸ்ட்ரைக்கரை (கதவு லாக் வந்து கவ்வும் பாகம்) நகர்த்தக் கை பரபரக்கும். அதைக் கடைசிக்கு வையுங்கள். உட்புற வேலைக்கு முன் கதவு சரியாகச் சாத்தியிருந்தால் ஸ்ட்ரைக்கரில் பிழை இல்லை.

ஒரு தாளைக் கதவு ஓரத்தில் வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பாருங்கள். இப்படிச் சுற்றிலும் செய்யுங்கள். லேசான பிடிப்போடு வர வேண்டும். எங்கே தாள் கிழிகிறதோ அங்கேதான் தடிமன்.

- கீழே பிடித்தால், வாசற்படி மேல் போட்ட கார்பெட் ஓரம் அலுமினியப் பட்டைக்கு அடியில் மடிந்திருக்கிறது.
- பின்னால் பிடித்தால், தூணில் ஒட்டிய புது ரெக்சினுக்கு அடியில் ஃபோம் இருக்கிறது. அங்கே ஃபோம் தேவையில்லை.
- சுற்றிலும் சமமாகப் பிடித்தால், கதவு வாசலைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையான புது பீடிங்தான் காரணம்.

பீடிங்கைப் பொறுத்தவரை, அது உட்காரும் தகட்டு விளிம்பில் பழைய பசை, அதன் மேல் ரெக்சின் மடிப்பு, அதன் மேல் கார்பெட் என்று அடுக்கியிருந்தால் பீடிங் முழுதாக உள்ளே இறங்காது. பீடிங்கை உருவி, விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். சுத்தமான விளிம்பில் உட்கார்ந்த புது ரப்பர் சில வாரங்களில் தானே படியும். இரவில் கதவைச் சாத்தியே வையுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் அடித்துத்தான் சாத்த வேண்டும் என்றால் பீடிங்கின் அளவே தவறு. மெல்லிய வகைக்கு மாற்றுங்கள். அப்புறமும் சரியாகாவிட்டால்தான் ஸ்ட்ரைக்கர். இப்போது இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஒரு மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். கதவைத் தூக்கிப் பார்த்தால் ஆடுகிறதென்றால் கீல் தேய்ந்திருக்கிறது, அது பாடி வேலை செய்பவருக்கு உரியது.

## அறிகுறி: சீட் போல்ட் பிடிக்கவில்லை, அல்லது சீட் தண்டவாளத்தில் நகரவில்லை

கார்பெட்டும் ஃபெல்ட்டும் சேர்ந்து 10 மி.மீ. உயர்ந்துவிட்ட தரையில் பழைய போல்ட் எட்டாது. எட்ட வைக்க வேண்டும் என்று ஸ்பேனரால் சாய்த்துத் திருகினால் மரை போய்விடும். போல்ட் முதல் சில சுற்றுக்குக் கை விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மரை ஒன்றா? 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. 8 மி.மீ. போல்ட் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை வேறு. பழைய ஆங்கிலேயக் கார்களில் அங்குல மரை, ஜெர்மன், ஜப்பான் கார்களில் மெட்ரிக். டப்பாவில் இருந்து எடுத்த போல்ட் என்றால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும்.

மரை சரி, நீளம்தான் எட்டவில்லையா? நீளப் போல்ட் வாங்கும் முன், சீட் ரெயில் உட்காரும் இடத்தில் கார்பெட்டையும் ஃபெல்ட்டையும் வெட்டி எடுங்கள். இரும்பு இரும்பின் மேல் உட்கார வேண்டும். நடுவில் கார்பெட் இருந்தால் இன்று எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். சீட் விஷயத்தில் இதற்கு இடம் கொடுக்கவே கூடாது. ரெயிலுக்கு அடியில் மரப்பட்டையோ இரும்பு ஸ்பேசரோ இருந்த காராக இருந்தால் அதைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும், பட்டை மக்கியிருந்தால் அதே தடிமனில் புதியது செய்யுங்கள். இதற்கெல்லாம் பிறகும் நீளம் போதாவிட்டால் அதே வலிமைக் குறியீடு உள்ள நீளப் போல்ட் போடலாம். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளம் மரைக்குள் போக வேண்டும். காருக்கு அடியில் போய் நுனி எங்கே வருகிறது என்றும் பாருங்கள், பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ பக்கத்தில் போகலாம்.

சீட் மாட்டியாகிவிட்டது, நகரவில்லையா? இரண்டு ரெயிலும் ஒரே பல்லில் நிற்கிறதா பாருங்கள். ஒன்று ஒரு பல் முன்னே நின்றால் சீட் கோணலாகி இறுகும். எல்லாப் போல்ட்டையும் லூசாக்கி, சீட்டை முன்னும் பின்னும் முழுதாக ஓட்டிவிட்டு, முன்னே தள்ளிப் பின் போல்ட்டையும் பின்னே தள்ளி முன் போல்ட்டையும் இறுக்குங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் கார்பெட் ஓரம் ரெயிலுக்குள் மடிந்திருக்கும், அல்லது அகலமாகிவிட்ட சீட் நடுவில் உள்ள டனலில் உரசும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தளத்தில் பற்றவைத்த நட் போல்ட்டோடு சேர்ந்து சுற்றினால், அல்லது அதைச் சுற்றித் தகடு துருப்பிடித்திருந்தால். மாற்று வழி யோசிக்க வேண்டாம். வெல்டிங் செய்பவரிடம் விடுங்கள்.

### சீட் பெல்ட்டை மறக்காதீர்கள்

கார்பெட் மேல் பெல்ட் பிராக்கெட்டை வைத்து இறுக்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், நுண்மரை. அதன் ஸ்பேசர் தகட்டில் நேராக உட்கார வேண்டும், பிராக்கெட் கையால் தள்ளினால் சுழல வேண்டும், வாஷர்கள் கழற்றிய வரிசையிலேயே போக வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும், டார்க் ரெஞ்சு இல்லாதவர் இருப்பவரிடம் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள். நைந்த பெல்ட்டை மறுபடி தைக்கக் கூடாது, புதியதுதான்.

1990-களில் வந்து இப்போது கிளாசிக் ஆகிவிட்ட கார்களில் ஏர்பேக் இருந்தால், ஸ்டியரிங், டேஷ்போர்டு பக்கம் அந்த அமைப்பைத் தெரிந்த மெக்கானிக் வரும்வரை கை வைக்காதீர்கள்.

## அறிகுறி: சீட் உறை சுருங்கி நிற்கிறது, அல்லது உட்கார்ந்தால் தலை கூரையில் தட்டுகிறது

தலை தட்டினால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். புது ஃபோம் சில வாரம் உட்கார்ந்தால் லேசாக இறங்கும். இரண்டு விரல் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் தானே இறங்காது. உறையைக் கழற்றி, ஃபோமின் அடிப்பக்கத்தில் சமமாக ஒரு அடுக்குச் சீவ வேண்டும். மேல்பக்கத்தில் கை வைத்தால் உட்காரும் வடிவம் கெட்டுவிடும்.

சுருக்கத்துக்கு வருவோம். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது முக்கியம்.

தையலை நோக்கிச் சாய்வாக ஓடினால் உறை திரும்பிப் போயிருக்கிறது. நடுத் தையல் ஃபோமின் நடுவில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை (ஹாக் ரிங்) வெட்டிவிட்டு உறையைத் திருப்பி மறுபடி போட வேண்டியதுதான். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவில் மெல்லிய பாலித்தீன் ஷீட்டை விரித்துக்கொண்டால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும், பிறகு ஷீட்டை உருவிவிடலாம்.

ஓரங்களில் மட்டும் தளர்ந்து மடிந்தால் ஃபோம் முனை மழுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் பாலியஸ்டர் பஞ்சை ஒரு அடுக்கு ஒட்டுங்கள். உறையைப் பின்னால் இழுத்துச் சரிசெய்ய நினைத்தால் முன்பக்கத் தையல் நகர்ந்துவிடும்.

முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கமாக இருந்தால் அது பெட்டியில் மடித்து வந்த தடம். ரெக்சின் என்றால் வெயிலில் வையுங்கள், அல்லது ஹேர் டிரையரை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். லெதர் என்றால் ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவியை மட்டும் தூரத்திலிருந்து காட்டி, உள்ளங்கையால் நீவிவிடுங்கள். ஹீட் கன்னை லெதர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிகச் சூட்டில் லெதர் சுருங்கிக் காய்ந்து விறைத்துவிடும், அதைத் திருப்பவே முடியாது. ரெக்சினில் கொஞ்சம் அதிகம் காட்டினால் மேல் வரிகள் அழிந்து ஒரு இடம் மட்டும் வழவழவென்று மின்னும்.

இத்தனையும் செய்து ஒரு சீட்டில் மட்டும் சுருக்கம் போகவில்லை, மற்றது ஒழுங்காக இருக்கிறது என்றால் வெட்டிய அளவில்தான் தவறு. தைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். உறையை மட்டும் கொடுக்காதீர்கள், சட்டத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

## அறிகுறி: கூரை லைனிங் தொங்குகிறது, வரி விழுகிறது

கம்பிகளில் தொங்கும் லைனிங்கா, பலகையில் ஒட்டிய லைனிங்கா என்பதைப் பொறுத்து வழி வேறு.

கம்பி வகையில் வரிகளே வழி சொல்லும். குறுக்காக விழுந்தால் முன் பின் இழுவை போதவில்லை. நெடுக்காக விழுந்தால் பக்கவாட்டில் போதவில்லை. மூலைக்கு மூலை சாய்வாக விழுந்தால் ஒரு கம்பி தவறான ஓட்டையில் இருக்கிறது, அல்லது இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. கம்பிகளின் நீளமும் வளைவும் ஒன்றுக்கொன்று வேறு, அதனால்தான் பிரிக்கும்போதே எண் எழுதி ஒட்டச் சொல்வது. மாட்டும்போது முன்னும் பின்னும் நடுக்கோட்டில் முதலில் கிளிப் போட்டு நிறுத்தி, அங்கிருந்து மூலைகளுக்குப் போங்கள். பக்கவாட்டை அப்புறம் இழுங்கள். கடைசியில் மிஞ்சும் சின்ன வரிகள் வெதுவெதுப்பான காற்றில் போய்விடும்.

பலகையில் ஒட்டிய வகை தொங்கினால், துணியின் பின்னால் உள்ள ஃபோம் பொடியாகிவிட்டது. மேலிருந்து பசை அடித்து ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பலகையை இறக்கி, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டி, புதுத் துணி ஒட்ட வேண்டும்.

முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் லைனிங் போகும் கார்களில் கண்ணாடியைக் கழற்றாமல் வேலை முடியாது. அதற்குக் கண்ணாடி மாட்டுபவரை வரவழையுங்கள். பழைய கார்களின் கண்ணாடி கிடைப்பது அரிது, நெம்பிப் பார்க்கத் துணிய வேண்டாம்.

## அறிகுறி: ஒட்டிய ஓரங்கள் பிரிந்து வருகின்றன

பிரிந்த ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள்.

பசை முழுக்கப் பலகையிலேயே தங்கி, ரெக்சினின் பின்பக்கம் சுத்தமாக இருந்தால், பசை ஒரு பக்கம் மட்டும் பூசப்பட்டிருக்கிறது. கான்டாக்ட் பசையை இரண்டு பரப்பிலும் பூச வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாமல், லேசான பிடிப்பு மட்டும் தெரியும் பதம்வரை காய விட வேண்டும், அப்புறம்தான் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் அன்று ஒட்டியது போலிருக்கும், முதல் வெயிலில் வந்துவிடும்.

பசை இரண்டு பக்கமும் இருந்து, நூல் நூலாக இழுபட்டால் அது வெப்பம் தாங்காத பசை. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். டப்பாவில் ஸ்ப்ரே பசை என்று மட்டும் போட்டிருப்பது போதாது. கார் அப்ஹோல்ஸ்டரிக்கான, அதிக வெப்பம் தாங்கும் வகை வேண்டும். பழைய பசையைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதைப் பூசினால் பழையது இளகும்போது புதியதும் கூடவே வரும்.

பலகையின் நாரோடு பிய்ந்து வந்தால் பலகை ஈரம் குடித்திருக்கிறது. பசையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கடைசியில் உள்ள ஈரம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: டேஷ்போர்டைத் திரும்ப மாட்டிய பிறகு மீட்டர் வேலை செய்யவில்லை, ஃப்யூஸ் போகிறது

எல்லா மீட்டரும் ஒரே சமயத்தில் செத்தால் எர்த் வயரை முதலில் சந்தேகியுங்கள். பழைய கார்களில் மீட்டரின் பின்புறக் கவ்வியே எர்த்தாக இருக்கும், புது லெதர் அதற்குக் குறுக்கே வந்து தொடர்பைத் துண்டித்துவிடும். கவ்வியிலிருந்து பாடிக்கு ஒரு தனி வயர் இழுத்துப் பாருங்கள்.

வெப்பமானி மட்டும் அசையாமல் இருந்தால், 1960-களின் ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் அது வயர் அல்ல. மீட்டரிலிருந்து இன்ஜின்வரை போகும் மெல்லிய தாமிரக் குழாய். டேஷ்போர்டைச் சாய்க்கும்போது அது மடிந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய முடியாது, மீட்டர் பழுது பார்ப்பவருக்குத்தான் அனுப்ப வேண்டும். எண்ணெய் அழுத்த மீட்டருக்கும் தனிக் குழாய் இருக்கலாம். அதன் இணைப்பில் எண்ணெய் கசிகிறதா என்பதைப் புதுக் கார்பெட் விரிக்கும் முன்பே பாருங்கள்.

ஃப்யூஸ் போனால் ஏதோ ஒரு ஸ்க்ரூ வயர் கட்டில் ஏறியிருக்கிறது. கடைசியாகப் போட்டதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றுங்கள், நுனியில் தாமிர மினுக்கோ பிளாஸ்டிக் துணுக்கோ ஒட்டியிருக்கும். பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிப்பது காரையே கொளுத்தும் வேலை. ஸ்க்ரூ எல்லாம் சுத்தமாக இருந்தும் போய்க்கொண்டே இருந்தால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்.

டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குப் பளபளப்பான லெதர் போட்டிருந்தால், வெயிலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து ரோட்டை மறைக்கும். மங்கலான கருப்பில் மாற்றித் தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அழகாக இருந்தாலும் மாற்றுங்கள்.

## அறிகுறி: கீச்சு கீச்சென்று சத்தம்

ஓட்டுவதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, சத்தம் வரும்போது ஒவ்வொரு பாகமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எதை அழுத்தினால் நிற்கிறதோ அதுதான். ரெக்சின் மேல் ரெக்சின் உரசினால் ஒட்டும் ஃபெல்ட் நாடா, லெதர் மேல் லெதர் என்றால் மடிப்புக்குள் கொஞ்சம் டால்க் பவுடர். கடகடவென்று கதவுக்குள் உருண்டால் கீழே விழுந்த கிளிப்.

## அறிகுறி: புது கார்பெட் ஈரமாகிறது, டோர் பேட்டின் கீழ்ப்பக்கம் உப்புகிறது

டோர் பேட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் பாலித்தீன் திரை இருக்கிறதா? கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அதைப் பலகையில் படாமல் தடுப்பது அந்தத் திரைதான். உட்புற வேலையில் அதிகம் விட்டுப்போவதும் அதுதான். தடித்த பாலித்தீனை வெட்டி, பிசுபிசுக்கும் பியூட்டைல் நாடாவால் சுற்றிலும் ஒட்டுங்கள். கீழ் விளிம்பு கதவின் உள்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும்.

திரை ஒழுங்காக இருந்தால் கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். பசைத் துளியும் பஞ்சும் விழுந்து அடைத்திருக்கும்.

இரண்டும் சரி, கார்பெட் மட்டும் நனைகிறது என்றால், கார்பெட்டைத் தூக்கிவிட்டு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைகிறது என்று தெரியாது. கதவு பீடிங், முன்கண்ணாடி ரப்பர், ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் பெட்டியின் வடிகால் என்ற வரிசையில் போங்கள். நனைந்த ஃபெல்ட்டைக் கார்பெட்டோடு சேர்த்து வெளியே எடுத்து முழுக்கக் காய வையுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், தளம் அங்கேதான் துருப்பிடிக்கும்.

தண்ணீர் முன்கண்ணாடி ரப்பருக்கு அடியிலிருந்து வந்தால் கண்ணாடி மாட்டுபவரும், தகட்டு இணைப்பின் வழியாகவோ துரு ஓட்டையின் வழியாகவோ வந்தால் டிங்கரிங் செய்பவரும் பார்க்கட்டும். அது முடிந்து, இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கார்பெட்டை ஒட்டுங்கள்.